இடப்பக்கம் இழுக்கிற துப்பாக்கி

"இதுவும் இடப்பக்கம் இழுக்குது" என்று மூன்றாவது ரிவால்வரையும் மேசைமேல் வைத்தார் வெர்லின் ஸ்டக்கி.

கடைக்காரி லோர்னா பெருமூச்சு விட்டாள். அமெரிக்காவின் ஒஸார்க் மலைப்பக்கத்து அணில் வேட்டைக்காரர்கள் பாதிப்பேர் அவளிடம்தான் துப்பாக்கி வாங்குகிறார்கள். கடைக்குப் பின்னால் ஒரு மண்மேடு, அதன்முன் பலகைமேல் காலி பீன்ஸ் டப்பாக்கள். சுட்டுப் பார்த்துவிட்டு வாங்கலாம். வெர்லினும் ஒரு வாரமாகச் சுட்டுப் பார்க்கிறார். இதுவரை ஒரு டப்பாவுக்கும் அவரால் எந்தக் கஷ்டமும் வந்ததில்லை.

"அண்ணே, முதல்ல குழல் குட்டைன்னீங்க. நீளமா குடுத்தா கனம்னீங்க."

"கனம்தான். கை ஆடுது. நான் கையை நிறுத்துற வரைக்கும் அணில் என்ன காத்துக்கிட்டா இருக்கும்?"

லோர்னா நுனியில் சிவப்புப் புள்ளி வைத்த ஒன்றை நீட்டினாள். கண்ணில் பளிச்சென்று படுமாம்.

"குறி பார்க்க ஒரு புள்ளி போதாதா? எதுக்கு ரெண்டு வச்சுத் தொலைச்சிருக்கான்?" என்றார் வெர்லின்.

லோர்னா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளிதான் இருந்தது.

சனிக்கிழமை அணில் வேட்டை தொடங்குகிறது. போன வருஷம் வெர்லின் ஒன்றைக்கூட வீழ்த்தவில்லை. அவர் மனைவி ஆர்லெட்டாவின் தம்பி ஓர்வல் அப்போதே சொல்லிவிட்டான்: "மச்சான், அடுத்த தடவையும் இப்படின்னா நீ காட்டுப்பக்கம் வராதே. அடுப்புகிட்ட நின்னு கிரேவி கிண்டு."

எல்லோரும் சிரித்தார்கள், வெர்லினும் சிரித்தார். ஆனால் கல்யாணமான வருஷத்திலிருந்து அந்த முதல் நாள் விடியலை அவர் காட்டில்தான் பார்த்திருக்கிறார். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை.

"ஏங்க, கண் டாக்டரை ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே" என்றாள் ஆர்லெட்டா.

"என் கண்ணுக்கு என்ன கேடு? அரை மைல் தள்ளி உன் தம்பி வந்தாலும் கண்டுபிடிச்சிடுவேனே!"

"அவன் குரல் ஒரு மைலுக்குக் கேக்கும்."

மறுநாள் குறை பிடிமானத்தில் என்றார். லோர்னா தடித்த ரப்பர் பிடி மாட்டிக் கொடுத்தாள். விரல் எட்டவில்லை. அப்படியென்றால் தோட்டாதான் நோஞ்சான் என்றார். வேகம் கூடிய மேக்னம் தோட்டா போடும் உருளையை மாற்றிக் கொடுத்தாள். அது போட்ட சத்தத்தில் வெர்லின் கண்ணை மூடிக்கொண்டே சுட்டுவிட்டார். பலகையின் கால் முறிந்து டப்பாக்கள் மொத்தமாகச் சரிந்தன.

"எல்லாம் விழுந்துதா இல்லியா? கணக்குல சேர்த்துக்க" என்றார்.

லோர்னா சேர்க்கவில்லை. ஊருக்குத்தான் சொன்னாள். சாயங்காலத்துக்குள் ஓர்வல் ஒரு சமையல் ஏப்ரனைப் பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டான். வெர்லின் இரவுச் சாப்பாட்டைப் பாதியிலேயே தள்ளிவைத்தார். ஆர்லெட்டா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளும் கிளம்பினாள், தன் அப்பாவின் பழைய ரைபிளை எடுத்துக்கொண்டு. "சும்மா கிடந்து துரு ஏறுது. நானும் நாலு சுட்டுப் பார்க்கிறேன்."

லோர்னா முறிந்த காலுக்குக் கல் முட்டுக்கொடுத்து, கிடந்த ஏழு டப்பாக்களையும் வரிசையாக அடுக்கினாள். "அண்ணே, ஒன்பது குண்டு போடுற ரிவால்வர் ஒண்ணு இருக்கு. எடுக்கவா?"

"ஆறு போதும். ஆறுல அடிக்காதவன் ஒன்பதுல என்னத்தைக் கிழிப்பான்?"

எல்லோரும் காதுமூடி மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து மேசையில் ஆர்லெட்டா தன்பாட்டுக்கு ரைபிளைத் துடைத்து ஏதோ குறி பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்லினுக்கு டப்பா வரிசை மங்கலான ஒரு வெள்ளைக்கோடாகத் தெரிந்தது. மூச்சைப் பிடித்துச் சுட்டார். கோடு கொஞ்சம் குறைந்தது. மறுபடி சுட்டார். இன்னும் குறைந்தது. ஆறு குண்டும் தீர்ந்து துப்பாக்கியைக் கீழே வைத்தபோது கோட்டையே காணோம்.

"விழுந்துதா?"

"பலகையில ஒண்ணுகூட இல்லைங்க" என்றாள் ஆர்லெட்டா.

வெர்லின் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சொன்னேன்ல? அத்தனையும் துப்பாக்கியோட கோளாறு! லோர்னா, இதைக் கட்டிக் குடு."

"அப்படியே போற வழியில கண்ணாடிக்கும் ஒரு எட்டு..." என்று மெதுவாக ஆரம்பித்தாள் ஆர்லெட்டா.

"போவோமே! கண்ணுல கோளாறு இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. இனிமே டாக்டர்கிட்ட காட்டுறதுக்கு எனக்கென்ன பயம்?"

விசிலடித்தபடி வண்டிவரை போனவருக்குத் தொப்பியை மறந்தது நினைவு வந்தது. திரும்பிக் கடை வாசலுக்கு வந்தபோது உள்ளே லோர்னா ஆர்லெட்டாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி அக்கா. ஆறு குண்டு துப்பாக்கிக்கு அந்த ஏழாவது டப்பாவையாவது விட்டு வச்சிருக்கக் கூடாதா?"