பெட்டிக்குள் இருக்கும் அதிர்ஷ்டம்

ஒரே ஒரு பெட்டியின் முத்திரையைத்தான் கிழித்திருந்தான் லெஃப்டெரிஸ். அதற்குள் இரண்டு முறை வாசலை எட்டிப் பார்த்துவிட்டான்.

"பிரிச்சுப்போட்ட பெட்டி இன்னொண்ணு என் கண்ணுல பட்டுச்சுன்னா, உன் மாமா படகுக்கே திரும்பிப் போயிடு" என்று காலையில்தான் சொல்லிவிட்டுத் துறைமுகத்துக் காப்பிக்கடைக்குப் போயிருந்தார் முதலாளி ப்ரோத்ரோமோஸ். லெஃப்டெரிஸுக்குக் கடலைப் பார்த்தாலே குமட்டும். கடலோரக் கவாலாவில் பிறந்தும் இப்படியொரு உடம்பு வாய்த்தது அவன் தலையெழுத்து.

எதிரே நாற்காலியில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள் எவாந்தியா அம்மாள். மகனின் கணினிக்கு ஒரு பிராசசர் வாங்க வந்தவள். குறித்த வேகத்துக்கு மேலே முறுக்கி ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்யத் தோதான மாடல் எதுவென்று மகனே சொல்லி அனுப்பியிருந்தான். அந்த மாடலில் கடையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். லெஃப்டெரிஸின் வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"மாடல் ஒண்ணுதாம்மா. ஆனா ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்க மாதிரி. ஒண்ணு முறுக்கினா பறக்கும். இன்னொண்ணு முக்கி முனகிப் படுத்துக்கும்."

"பெட்டியைப் பாத்தாத் தெரியுமா?"

"தெரியாது. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்ப ஓட்டிப் பாரு."

"கடையில அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்மா."

"தெரியாதுன்னு சொல்லு தம்பி. எதிர்க்கடையில கேட்டுக்கிறேன்."

ஓவர்கிளாக் என்றால் ஊரில் தன்னை விட்டால் ஆளில்லை என்று நினைத்திருந்தவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. முதல் பெட்டி பிரிந்தது அப்படித்தான்.

முதல் பிராசசர் ஐந்து கிகாஹெர்ட்ஸை எட்டும் முன்பே திரை நீலமாகி நின்றுவிட்டது.

"என்னாச்சு?"

"ஆகஸ்ட் வெயில்ம்மா. சூடு தாங்கலை."

ஏசியின் முகத்தை மேசைப் பக்கம் திருப்பிக் குளிரை முழுதாக வைத்தான். மறுபடி முறுக்கினான். மறுபடி நீலம். வோல்டேஜைக் கூட்டினான். மின்விசிறி கூச்சலிட்டது, லேசாக ஒரு வாடை வந்தது, திரை இருண்டது.

எவாந்தியா பதறி எழுந்தாள். "செத்துப்போச்சா?"

"இல்லம்மா, மயக்கம்தான்."

"பத்திரமா வையி. அதைக் கெடுத்துடாதே. எவ்வளவு முறுக்கினாலும் இப்படித்தானா?"

"இப்படியேதான். கவலைப்படாதீங்க, இந்தச் சோம்பேறியை உங்க தலையில கட்ட மாட்டேன்."

"மத்ததைப் பாக்காம எப்படித் தம்பி நிச்சயமாச் சொல்றது?"

நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. இரண்டாவது பெட்டியும் பிரிந்தது. அது ஐந்தைத் தாண்டியது. ஐந்தேகால் வரை மூச்சு வாங்கிக்கொண்டு ஏறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று லெஃப்டெரிஸ் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தபோது பட்டென்று கடையே இருண்டது.

பக்கத்து முடிதிருத்தும் கடைக்கும் இவர்களுக்கும் ஒரே ஃபியூஸ். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண்குரல் கிழித்தது. "டேய் லெஃப்டெரிஸ்! இங்க கல்யாணப் பொண்ணு ஈரத்தலையோட உக்காந்திருக்கா, நீ என்னத்தடா கிளப்புற?"

ஓடிப்போய் ஃபியூஸைச் சரிசெய்தான். பிராசசரில் தடவியதில் கையில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பசை கதவில், சட்டையில், மூக்கில் எல்லாம் அப்பியது. வெளிச்சம் வந்தபோது வாசலில் முதலாளி நின்றிருந்தார். பிரித்த பெட்டிகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"மூணாவதை மட்டும் ஏன்டா பாக்கி வெச்சே? அதையும் பிரிச்சுடு!"

"அவரே சொல்லிட்டார்ல, பிரி தம்பி" என்றாள் எவாந்தியா.

ப்ரோத்ரோமோஸ் வாயைத் திறப்பதற்குள் முத்திரை கிழிந்துவிட்டது. இனி இழக்க என்ன இருக்கிறது? லெஃப்டெரிஸ் காதுக்குள் அலையோசை கேட்க, மூன்றாவதை மாட்டினான்.

ஐந்து. அசையவில்லை. ஐந்தேகால். அரை. ஐந்தே முக்கால்! எண்கள் ஏறிக்கொண்டே போயின. அந்தப் பிராசசருக்கோ வியர்க்கக்கூட இல்லை. முதலாளியின் கோபம் வெண்ணெயாய் உருகிற்று.

"நம்ம கடையிலயா இப்படி ஒண்ணு கிடந்துச்சு?" என்று மேசைமேல் குனிந்தார். "பையா, உனக்குக் கைராசிடா!"

லெஃப்டெரிஸ் நிமிர்ந்து நின்றான். படகு கண்ணிலிருந்து விலகிப் போனது. "அம்மா, இதைக் கொண்டுபோய் உங்க மகன் கையில குடுங்க. ராத்திரி பகல் பாக்காம முறுக்குவான்."

எவாந்தியா திரையைப் பார்த்தபடி மூன்று முறை சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். பூரிப்பு தாங்கவில்லை போலும் என்று நினைத்தான் அவன்.

தெருவில் ஹாரன் விடாமல் அலறியது. நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு, தூக்கமில்லாமல் சிவந்த கண்களோடு அவள் கணவர் திமியோஸ் கதவுக்குள் தலையை நீட்டினார்.

"என்ன எவாந்தியா இவ்வளவு நேரம்? நம்ம பய என்னதான் முறுக்கினாலும் வேகமே ஏறாம, நம்மளை நிம்மதியாத் தூங்கவிடுற பிராசசர் இதுல எதுன்னு கண்டுபிடிச்சாச்சா இல்லையா?"