மாசி மழையில் பச்சையான காப்பு

நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை எனக்கே மறந்துவிட்டன. ஒன்றை மட்டும் என் வீட்டார் மறக்க விடவில்லை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ரங்கூனில் ஓர் அமெரிக்க டாக்டரம்மாவுக்குத் தமிழ் கற்பிக்கும் முன்ஷி நான். (ஊரில் யாருமே பேசாத தமிழை அவர் சரளமாகப் பேசியதற்கு நானே பொறுப்பு.) அவரிடம் ஒரு வெள்ளிக் காப்பு இருந்தது. அவர் நாட்டில் ஸூனி என்னும் பழங்குடியினர் செய்தது. பூவிதழ்போல் சுற்றிலும் வானநீலப் பிரோசாக் கற்கள். ஒரு கல் ஆட்டம் கண்டது.

"முன்ஷி அவர்களே, பபேடான் கடைவீதியில் இதனைச் செப்பனிட்டு வாரும். என் தாயார் ஈந்தது" என்று ஒப்படைத்தார்.

ஆசாரி பத்து நிமிஷத்தில் கல்லை இறுக்கிவிட்டார். நேரே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் காலை என் தங்கை செல்லத்துக்கு நலங்கு; அதற்காக டாக்டரம்மாவிடம் லீவும் கேட்டிருந்தேன். மோல்மீனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, செல்லத்தின் வளையல்களைக் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அண்ணே, இது யாரோடது?"

"பேசாம போட்டுக்க. அரை மணி நேரந்தான்."

அத்தை அசந்துபோனாள். "அமெரிக்கா கல்லா! எங்கடி எண்ணெய்? நல்லாத் தேய்ங்க, ஜொலிக்கட்டும்!"

ஒரு கரண்டி நல்லெண்ணெய், அதன்மேல் மஞ்சள். பிரோசாக் கல் எண்ணெய் குடிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? மத்தியானத்துக்குள் நீலம் மங்கியது. பதறிப்போய்ச் சீயக்காயில் ஊறவைத்தேன். (மேதை!) கிளிப்பச்சையாகிவிட்டது.

வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டே டாக்டரம்மாவிடம் அதை நீட்டினேன்.

"நீலம் பசுமையாயிற்றே, முன்ஷி அவர்களே?"

"ரங்கூன் மழைங்க அம்மா. ஈரத்துல கல்லு பச்சையாயிடும்."

அது மாசி மாதம். மழை பெய்து மூன்று மாதமாகியிருந்தது.

அவர் காப்பை முகர்ந்து பார்த்தார். "இம்மழை சீயக்காய் மணக்கிறதே" என்றார். பிறகு அதைக் கையில் போட்டுக்கொண்டு பாடப் புத்தகத்தைத் திறந்தார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வினையெச்சம் நடத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் ஊர் திரும்பியபோது செல்லத்தின் பெயரில் எங்கள் வீட்டுக்கு ஒரு சிறு பெட்டி வந்தது. உள்ளே அந்தக் காப்பு, கூடவே அழகான தமிழில் ஒரு சீட்டு: "உங்கள் இல்லத்தில் மழை மிகுதி. இது அங்கேயே இருக்கட்டும்."

சீட்டைப் படித்த வீட்டார் முழுக் கதையையும் என்னிடம் கறந்துவிட்டார்கள். அவருடைய தாயார் கொடுத்த காப்பு. மன்னிப்புக் கேட்டு எழுத எத்தனையோ முறை தாளை எடுத்தேன், எழுதவில்லை.

எழுதாததற்குத் தண்டனை வீட்டிலேயே கிடைத்தது. இன்றும் எங்கள் குடும்பத்தில் யார் எதை உடைத்துவிட்டு விழித்தாலும் கேள்வி ஒன்றுதான்: "என்ன, மாசி மழையா?" கேட்டுவிட்டு எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.