சாம்பல் மனிதனுக்குப் பாஸ் எடுத்துக் கொடுத்தவர்

யுத்த காலத்துத் திருகோணமலையில் வீரர்கள் பலர் இருந்திருக்கலாம். ஆனால் இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் துவக்கோடு நின்ற சிப்பாயிடம், துவக்கைக் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லிவிட்டு, சணல் கயிற்றில் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்த வீரர் ஒருவர்தான். அவர் எங்கள் பார்சல் அண்ணை. இதை எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன்.

மூதூரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் பழைய கோப்புகளைக் கட்டி அடுக்கும் அறை அவருடைய பொறுப்பு. நான் அதே கந்தோரில் கிளாக்கர். இரண்டு பேருக்கும் வீடு திருகோணமலையில். காலையில் கடலைக் கடக்கும் மோட்டார்ப் படகான லாஞ்சி ஏறிப் போய்ப் பின்னேரம் லாஞ்சி ஏறித் திரும்ப வேண்டும். கோப்புக் கட்டிக் கட்டி அண்ணையின் கை சும்மா இருக்க மறந்துவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் மண்ணிறத் தாளில் சுற்றிச் சணலால் கட்டுவார். சோறு பார்சல், குடை பார்சல், மூக்குக்கண்ணாடி பார்சல். ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சிநேகிதரைப் பார்க்க ஒரே ஒரு தோடம்பழத்தைக் கட்டிக்கொண்டு போனார். நோயாளி அதை அவிழ்த்து முடிப்பதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது.

கேட்பாரற்றுக் கிடக்கும் பொதியைக் கண்டால் தூர விலகுங்கள் என்று ஊரெல்லாம் எச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒருவர் இப்படி ஏழு பொதியோடு தினமும் சாவடிக்கு வந்தால் என்ன ஆகும்?

"இது என்ன?" என்பான் சிப்பாய், தனக்குத் தெரிந்த தமிழில்.

"குடை."

"இது?"

"சோறு."

"இது?"

"கயிறு."

அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே கயிறுதான் இருக்கும். கயிற்றையும் தாளில் சுற்றிக் கயிற்றால் கட்டியிருப்பார். சிப்பாய் திருப்பிக் கட்டத் தெரியாமல் முழிப்பான். "உப்பிடி இல்லை ராசா, பெருவிரலை இதிலை வையும்" என்று அண்ணை அவனுடைய விரலைப் பிடித்து வைப்பார். எங்கள் வரிசை பின்னால் நீண்டுகொண்டே போகும். ஒரு மாதத்தில் அந்தச் சிப்பாய் அண்ணையைவிட இறுக்கமாகக் கட்டப் பழகிவிட்டான்.

புத்தகம் அவர் கைக்கு வந்ததும் பார்சலால்தான். கோதுமை மா ஏற்றிவந்த கப்பலிலிருந்து கரைக்கு வந்த மாலுமி ஒருவனின் அட்டைப்பெட்டி துறைமுக வீதியில் அடி கழன்று சாமான் எல்லாம் கொட்டுண்டது. அண்ணைக்குப் பொறுக்குமா? வீதியிலேயே குந்தியிருந்து நாலு முடிச்சில் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். மாலுமி சந்தோஷத்தில் ஒரு தடித்த சித்திரக்கதைப் புத்தகத்தை அவர் கையில் திணித்துவிட்டுப் போனான். சின்னப்பிள்ளைகளின் புத்தகம் அல்ல. வளர்ந்தவர்களுக்காக இங்கிலீசில் ஒரு நாவல் அளவுக்குக் கீறி எழுதியது. அன்றைக்கே அதற்கும் மண்ணிறத் தாள் ஏறியது.

கதாநாயகன் பெயர் சாம்பல் மனிதன். நினைத்தால் புகையாக மாறுவான், கதவின் திறப்புத் துவாரத்தால் நுழைவான், நகரத்தைக் கெட்டவர்களிடமிருந்து காப்பாற்றுவான். வீட்டில் வாசித்த கதையை அண்ணை லாஞ்சியில் சொல்லத் தொடங்கினார். புத்தகம் அவர் மடியில் இருக்கும், ஆனால் அவிழ்க்க மாட்டார். "உப்புக்காற்றுப் பட்டால் பழுதாகிப் போகும்" என்பார்.

மூதூர் போய்ச்சேர ஒரு மணித்தியாலம். அந்தக் கடலில் அப்போது அது சின்ன நேரமல்ல. தூரத்தில் ரோந்துப் படகொன்று திசை திரும்பினால் லாஞ்சி முழுவதும் பேச்சு நின்றுவிடும். அப்படிப்பட்ட லாஞ்சியில் சனம் முன்னிடம் பிடிக்க அடிபட்டது சாம்பல் மனிதனுக்காகத்தான். அண்ணை சொன்ன கதையில் அந்த நகரத்திலும் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை உண்டு. வீரன் வீடு திரும்பும்வரை அவனுடைய அம்மா சோற்றை மூடிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பா. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றைக் கடந்து சண்டைக்குப் போக எங்களைப் போல அவனும் பயண அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும்.

"புகையாப் போற மனிசனுக்கு என்னத்துக்குப் பாஸ்?" என்று கேட்டார் அரிசி ஹாஜியார். மூதூரில் பெரிய அரிசிக் கடைக்காரர், எங்களைப் போலத் திருகோணமலையிலிருந்து தினமும் போய்வருபவர், லாஞ்சியில் இரண்டு பேரின் இடத்தில் ஒருவராக இருப்பவர்.

"புகையாய்ப் போகலாம் ஹாஜியார். ஆனால் அந்தப் பக்கம் ஆளாய் மாறின உடனை அடையாள அட்டை கேட்பாங்கள். புகைக்கு எங்கை சட்டைப்பொக்கற்?"

ஹாஜியார் தன் சட்டைப்பொக்கற்றைத் தடவிப் பார்த்தார். "அது நியாயந்தான்" என்றார்.

மூதூர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசு படிப்பித்த புனிதம் ரீச்சருக்குத்தான் சந்தேகம். "அங்கையும் மண்ணெண்ணெய் வரிசையோ அண்ணை?" என்று இழுத்தா.

"அங்கை இன்னும் மோசம் ரீச்சர்."

கதை மாதக் கணக்கில் ஓடியது. கடைசியில் அணைக்கட்டு உடையும் கட்டம் வந்ததும் அண்ணை இழுக்கத் தொடங்கினார். மூன்று கிழமையாக அந்த அணை உடைந்துகொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து ரீச்சரின் தம்பி கொழும்பிலிருந்து ஒரு வீடியோ கசெற் அனுப்பினான். சாம்பல் மனிதன்! அந்தப் புத்தகத்தையே படமாக எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல், திருகோணமலை லிங்கநகரில் ரீச்சர் வீட்டு விறாந்தையில் பாதி லாஞ்சி கூடிவிட்டது. ஹாஜியார் ஒரு பெட்டி மஸ்கற் இனிப்போடு வந்தார். பார்சல் அண்ணை மட்டும் வேலை இருக்கிறது, வயிறு சரியில்லை என்று ஆயிரம் சாட்டுச் சொன்னார். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகவில்லை. "பாஸ் எங்க?" என்றார் ஹாஜியார்.

"பொறுங்கோ, வரும்" என்றார் அண்ணை. 

வரவில்லை. வீரன் ஒருவரையும் கேளாமல் ஆற்றுக்கு மேலால் பறந்தான். அவனுடைய அம்மா முதல் காட்சியிலேயே செத்துப் போனா. "ஐயோ, அம்மாவைச் சாக்காட்டிப்போட்டாங்கள்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் அழுதது. சனம் திரும்பித் திரும்பி அண்ணையைப் பார்த்தது. சரியாக அணை வெடிக்கும் இடத்தில் கரண்ட் போனது.

அப்போதுதான் அண்ணை எழும்பினார். இனி நடக்கப்போவதை அப்படியே சொன்னார். வீரன் தன் உடம்பால் அணையை அடைக்கிறான். நகரத்துச் சனம் எல்லாம் வரிசையாக நின்று கைக்குக் கை மண்மூட்டை கொடுக்கிறது. காவல் நின்றவன் துவக்கை வைத்துவிட்டுத் தானும் ஒரு மூட்டை தூக்குகிறான். விறாந்தை கை தட்டியது. ஹாஜியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

கரண்ட் வந்தது. அணை உடைந்தது, நகரம் தண்ணீருக்குள் தாண்டது, சாம்பல் மனிதன் புகையாக மேலே எழும்பித் திரும்பிப் பாராமல் போனான். படம் முடிந்தது.

திங்கட்கிழமை லாஞ்சி இரண்டாகப் பிரிந்துவிட்டது. இடப்பக்கம் புத்தகக் கட்சி: படக்காரன் கதையைக் கொலை செய்துவிட்டான், பாஸ் இல்லாத சாம்பல் மனிதனும் ஒரு சாம்பல் மனிதனோ? வலப்பக்கம் ரீச்சரின் தலைமையில் படக் கட்சி: படம் நல்ல படம், பிழை வேறெங்கேயோ இருக்கிறது. புத்தகக் கட்சியில்தான் ஆள் கூட. ஒருவரும் மற்றப் பக்கம் இருக்கச் சம்மதிக்காததால் லாஞ்சி இடப்பக்கம் சரிந்தது. சுக்கான் பிடித்தவர் கத்தினார்: "சாமர்த்தியத்தைப் பிறகு காட்டுங்கோ, ஆரும் பாரமான ஆள் அங்காலை மாறுங்கோ!"

எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள்.

"நான் புத்தகத்துப் பக்கந்தான்" என்றார் ஹாஜியார் எழும்பிக்கொண்டே. "ஆனா லாஞ்சி கவுந்தா புத்தகமும் சேர்ந்து போயிரும்." அதன்பிறகு தினமும் வலப்பக்கத்தில் இருந்துகொண்டே இடப்பக்கத்துக்காக வாதாடினார்.

மூன்றாம் நாள் ரீச்சர் நேரே கேட்டுவிட்டா. "அண்ணை, சண்டை என்னத்துக்கு? புத்தகத்தை அவிட்டுக் காட்டுங்கோ."

"ஏலாது ரீச்சர். உப்புக்காற்று."

"அப்ப நீங்கள் சொன்னதெல்லாம் பொய்க் கதையோ?"

அண்ணை பார்சலின் முடிச்சை இன்னும் இறுக்கினார். அடுத்த நாள் லாஞ்சியில் அவர் இல்லை. விடியமுதல் பஸ் ஏறி, கிண்ணியாப் பக்கத்தால், வழியில் ஆறு கடக்கும் ஒவ்வொரு படகுப்பாதையிலும் காத்துக் கிடந்து, சுற்றிச் சுற்றி மத்தியானம் கந்தோருக்கு வந்து சேர்ந்தார். பிந்தி வந்ததற்கு வரவு இடாப்பில் சிவப்புக் கோடு விழுந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. "பொய்யன் எண்டு நினைக்கிற சனத்துக்கு முன்னாலை எந்த முகத்தோடை இருக்கிறது தம்பி?" என்றார் என்னிடம். "நான் இனிக் கதை சொல்ல ஏலாது. கதை சொல்லாமல் லாஞ்சியிலை வரவும் ஏலாது."

கதை நின்றதும் எல்லோருக்கும் கடல் ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு கட்சியும் வாய் மூடி ரோந்துப் படகையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு நாளும் அலைக்குக் குமட்டாதவர்கள் எல்லாம் சத்தி எடுத்தார்கள். அண்ணை லாஞ்சிக்கு வராத நாலாம் நாள் ஹாஜியார் பொறுக்கமாட்டாமல் கந்தோருக்கே வந்து, கோப்பு அறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "புத்தகத்தக் கொண்டு வாங்க. இந்தத் தம்பி வாசிச்சுத் தீர்ப்புச் சொல்லட்டும். இங்கிலீசும் தெரியும், ரெண்டு கட்சியிலயும் இல்ல." தம்பி என்றது என்னை. அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

அடுத்த நாள் காலை லாஞ்சி புறப்பட்டதும் பார்சல் என் மடிக்கு வந்தது. முடிச்சு அவிழ்க்கவே பாதி வழி போய்விட்டது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பாஸ் இல்லை. மண்ணெண்ணெய் வரிசை இல்லை. அம்மா நாலாம் பக்கத்திலேயே செத்துப் போகிறா. கடைசிப் படத்தில் நகரம் தண்ணீருக்குள், மேலே ஒரு கோடு புகை, அவ்வளவுதான். படக்காரன் ஒரு வரி மாற்றாமல் எடுத்திருக்கிறான்!

நிமிர்ந்தேன். அண்ணை சணலை விரலில் சுற்றிக்கொண்டு கடலைப் பார்த்திருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.  உண்மையைச் சொன்னால் இந்த மனிதர் இனி ஆயுசுக்கும் கிண்ணியாவைச் சுற்றித்தான் வருவார்.

"என்ன தம்பி, எழுத்துக் கூட்டுறீங்களா?" என்றார் ஹாஜியார்.

"இஞ்சை தாரும்" என்று புனிதம் ரீச்சர் புத்தகத்தைப் பறித்தா.  ரீச்சர் முதலில் வேகமாகப் புரட்டினா, பிறகு மெதுவாக. கடைசிப் பக்கத்தில் நெடுநேரம் நின்றா. பிறகு புத்தகத்தை மூடினா.

"நான்தான் பிழை" என்றா, வகுப்பில் கதைக்கிற அதே உரத்த குரலில். "பாஸும் இருக்கு, அம்மாவும் இருக்கிறா. படக்காரங்கள்தான் வெட்டிப்போட்டாங்கள்."

ஹாஜியார் தொடையில் ஓர் அடி அடித்தார், லாஞ்சி ஆடியது. புத்தகக் கட்சி கூவியது. சுக்கான் பிடித்தவர்கூட ஒரு கையை எடுத்துத் தட்டினார்.

மூதூரில் இறங்கும்போது சனத்தை முன்னால் விட்டுவிட்டு ரீச்சர், நான் பக்கத்தில் நிற்க, அண்ணையிடம் மெல்லக் கேட்டா: "ஏன் அண்ணை இப்பிடிச் செய்தனீங்கள்?"

"ரீச்சர், அதிலை அவன் சனத்தை விட்டிட்டுப் போறான்" என்றார் அண்ணை. "வாசிச்சு முடிக்கேக்கை எனக்கு நெஞ்சை அடைச்சுப் போச்சு. அதைக் கொண்டுவந்து நடுக்கடலிலை உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?"

ரீச்சர் கொஞ்சத் தூரம் நடந்தா. பிறகு நின்றா.

"அப்ப அணையை அடைச்ச பிறகு என்ன நடக்குது?"

"அதுதான் பிரச்சினை ரீச்சர். வெள்ளிக்கிழமையோடை அவன்ரை பாஸ் முடியுது."

"ஐயோ! பிறகு?"

"பின்னேரம் லாஞ்சியிலை சொல்லுறன்."

அந்த ஆண்டுகளை நினைத்தால் பயப்பட எனக்கு எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. அந்த லாஞ்சியை நினைத்தால் மட்டும் பயம் வருவதில்லை, பார்சல் அண்ணையின் குரல்தான் வருகிறது.