லூயியின் கன்னம்

"கன்னத்தைத்தானே தொட்டனான். கழுத்தையே நெரிச்சனான்?" என்றார் தவரத்தினம்.

"இஞ்சை வெள்ளையளின்ர பிள்ளையளைத் தொடப்படாதெண்டு எத்தினை தரம் சொன்னனான்?" வெங்காயப் பெட்டியை இழுத்தபடி கேட்டாள் மனைவி தில்லைநாயகி. "அதுவும் மேல்வீட்டு ஸ்டெஃபானியின்ர பெடியனை."

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் பகுதியில் அவர்களுக்கு ஒரு பலசரக்குக் கடை. வாசலில் மரக்கறிப் பெட்டிகளை வைக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கட்டடக் கூட்டத்தில் முடிவு சொல்லப்போகிறவள் கட்டடச் சங்கத் தலைவியான ஸ்டெஃபானிதான். பெட்டிகள் உள்ளே போனால் பாதி வியாபாரம் படுத்துவிடும்.

அன்று காலை அவர் மிளகாய்த்தூளைப் பைகளில் போட்டுக்கொண்டிருந்தபோது லூயி ஓடிவந்தான். ஐந்து வயது. பாலப்பம் மாதிரிக் கன்னம். இரண்டு பக்கமும் கிள்ளி, தன் விரல் நுனியை உதட்டில் வைத்துக் கொஞ்சினார். பெடியன் வீரிட்டான். பின்னால் வந்த ஸ்டெஃபானி ஏதோ கத்தினாள். மிச்சத்தைக் கேட்காமல் அவர் பின்னறைக்குள் போய்விட்டார்.

"இப்ப என்னப்பா செய்யிறது?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஒண்டும் செய்யாதேங்கோ. அதுதான் நல்லது."

மறுநாள் லூயியிடம் ஒரு பை முறுக்கு நீட்டினார். ஸ்டெஃபானி அதை வாங்கி, மணந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தாள். "பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன் என்னைக் கேளுங்கள், முசியே. அதோடு…"

அவர் மறுபடியும் பின்னறைக்குள்.

"மணந்தெல்லே பாக்கிறாள். நான் நஞ்சே வைச்சனான்?"

"தெரியாத ஆக்கள் குடுத்தா வாங்கப்படாதெண்டு இஞ்சை சொல்லி வளக்கிறவை."

"நான் தெரியாத ஆளே? ஆறு வருசமா என்னட்டைத்தான் கத்தரிக்காய் வாங்கிறாள்."

அடுத்த நாள் அவர்கள் வந்தபோது கைகளைப் பின்னால் கட்டி, கூரை முகட்டைப் பார்த்தபடி நின்றார்.

"போன்ஜூர், முசியே," என்றான் லூயி.

முகட்டில் அப்படி என்னதான் இருந்ததோ, அவர் கண்ணை எடுக்கவில்லை.

"சின்னப் பிள்ளைக்கு ஒரு வணக்கம் சொல்லவும் உங்களுக்கு மனமில்லையா?" என்றாள் ஸ்டெஃபானி.

"தொட்டாலும் குற்றம், தொடாட்டிலும் குற்றம்," தவரத்தினம் சாக்கின்மேல் பொத்தென்று இருந்தார். "இதுகள் பிள்ளையளைக் கண்ணாடி அலுமாரிக்குள்ளையே வளக்குதுகள்?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கடைசிக் கதிரையில், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தார்.

ஸ்டெஃபானி எழுந்தாள். "பெட்டிகள் இருக்கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. அதை லூயியே சொல்வான்."

"இனிப் பிள்ளையளை ஏறெடுத்தும் பாக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டு வாங்கோ," என்று முணுமுணுத்தாள் பக்கத்தில் இருந்த தில்லைநாயகி.

லூயி நேரே வந்து, அவர் முன்னால் கன்னத்தைத் திருப்பிக் காட்டினான்.

"கிள்ளுங்கள், முசியே. ஆனால் முதலில் போய்க் கையைக் கழுவுங்கள். அன்றைக்கு உங்கள் மிளகாய்த்தூள் படுக்கும்வரை எரிந்தது."