ஒத்திகை பார்த்த பஞ்சாயத்து

"என் கார்ல கோடு போட்டது நீதான்யா!" சிஞ்ச்வட் அடுக்குமாடி சொசைட்டியின் பார்க்கிங்கில் முரளி கத்தினார்.

"காரா அது? பழைய இரும்பு வாங்குற பங்கார்வாலாகூட எடைக்குப் போட்டுக்க மாட்டான்!" ஹரீஷ் எகிறினார்.

மூன்றாவது மாடி ஜன்னலில், ஊரிலிருந்து வந்திருந்த இரண்டு பெரியவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற வீட்டுக்காரர் கல்யாணசுந்தரத்துக்குப் பரம திருப்தி. சண்டையே அவருடைய ஏற்பாடுதான்.

அவர் அப்பா முப்பது வருஷம் ஊர்த்தலைவர். ஆறு மாதம் முன்பு காலமானார். அந்த இடத்துக்கு இவரா, ஊரிலேயே இருக்கும் தம்பியா? பொறுமையும் நடுநிலையும் யாரிடம் என்று பார்த்துவர ஊர் ஆள் அனுப்பியிருந்தது. இரண்டுமே இவரிடம் கிடையாது என்பது எங்கள் பில்டிங்குக்கே தெரியும். ஆகவே, ஆகுர்டி ஃபாக்டரியில் ரிட்டயரான இரு நண்பர்களுக்கு மனைவி கிரிஜாவின் சமையலை ஆசைகாட்டி, வசனமும் எழுதிக் கொடுத்திருந்தார்.

தோளில் துண்டோடு இறங்கினார். "முரளி, தப்பு உங்க பேர்லதான்."

"கத்தணும்னுதானே சொன்னீங்க? தப்பையும் நானே சுமக்கணுமா?" முரளி பல்லைக் கடித்தார்.

"சரி, ஹரீஷ் பேர்ல."

"ஓகோ! மூணு வருஷமா இந்த முரளி வீட்டு பால்கனித் தண்ணி என் தலையில சொட்டுது. அதுக்கும் நானா?"

"அது வசனத்துல இல்லையே!" கல்யாணசுந்தரம் கிசுகிசுத்தார்.

"இப்ப சேர்த்துக்குங்க!" ஹரீஷ் முரளியின் சட்டையைப் பிடித்தார், நிஜமாகவே. விலக்கப் போனவரின் மூக்குக்கண்ணாடி பறந்தது.

"ஒழிஞ்சு போங்கடா, காட்டுப்பயலுகளா!" கல்யாணசுந்தரம் அலறிய அலறலில் வாட்ச்மேன் விசிலடித்தான்.

மேலேயிருந்து கிரிஜா குரல் கொடுத்தாள்: "நடிச்சது போதும், எல்லாரும் சாப்பிட வாங்க! அப்பளம் நமத்துப்போகுது!"

சாப்பாட்டில், பெரியவர்களில் ஒருவரான ரங்கராஜன் மோர் வரைக்கும் ஒரு பிடி பிடித்தார். தம்பிக்குத்தான் பதவி என்று கல்யாணசுந்தரம் முடிவே கட்டிவிட்டார்.

கை கழுவி வந்த ரங்கராஜன் சொன்னார்: "இனிமே நீதான் தலைவர்."

"எனக்குத்தான் பொறுமையே இல்லையே..."

"உங்கப்பாவுக்கு மட்டும் இருந்துச்சாக்கும்!"

இன்னொரு பெரியவர் ஏப்பம் விட்டார். "முப்பது வருஷமா உங்கப்பாவுக்குச் சண்டை போட்டுக் கொடுத்தது நாங்க ரெண்டு பேருந்தான். எங்களுக்கும் வயசாயிடுச்சு. வரும்போது அந்த ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்துடு."

தீபாவளிக்குள் முரளியும் ஹரீஷும் சிஞ்ச்வட் வீடுகளை வாடகைக்கு விட்டுவிட்டு அந்த ஊருக்கே குடிபோய்விட்டார்கள். எதிரெதிர் வீடாம்.