லண்டன் மணிக்கு ஓர் உபவாசம்

எபநேசர் அன்று காலைக் காப்பியைத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருகிற மகள் பிரிஸ்கில்லாவின் லண்டன் விமானம் சென்னையில் தரை தொடும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சொல்லியிருந்தார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை. டிக்கெட்டில் காலை ஏழரைக்கு இறங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் நேர்ந்துகொண்டார். ஒரு காப்பியைத் தள்ளிப்போட்டால் கோவில்பட்டி முழுக்கப் பெரிய விசுவாசி என்று பேர் வரும் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஏழரை அடித்ததும் டம்ளரை எடுத்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு ஆண்ட்ரூஸ் வந்து நின்றார். துபாயில் இரண்டு வருஷம் இருந்தவர். அதனால் விமானம் பற்றி அந்தத் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"எந்த ஊரு ஏழரை அண்ணாச்சி? டிக்கெட்டு லண்டன்ல எடுத்தது. அப்ப லண்டன் மணிதான் போட்டிருப்பான். நம்ம மணிக்கு அஞ்சரை மணி நேரம் கூட்டணும்லா."

கூட்டினால் மத்தியானம் ஒரு மணி. எபநேசருக்கு அப்போதே கிறுகிறுத்தது. மகளின் லண்டன் நம்பருக்கு அடித்தார், அணைத்து வைத்திருந்தது. "பாத்தியளா, இன்னும் பறக்கா" என்று ஆண்ட்ரூஸ் அதையும் தன் கட்சிக்குச் சாட்சியாக்கிக்கொண்டு போனார்.

காப்பி உணவுக் கணக்கில் வருமா என்று மனைவி ஸ்டெல்லாமேரியிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தார். நேர்ந்தது நீங்கள், பிள்ளைக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது என்று அந்த அம்மாள் ஒரே போடாகப் போட்டாள். அதற்குமேல் அவருக்கும் பயம் வந்துவிட்டது. ஒரே மகள், நாலு வருஷம் கழித்து வருகிறாள்.

ஒரு மணி ஆனது. இறங்கியிருப்பாள், இலையைப் போடு என்று மனைவியிடம் சொன்னார்.

"முப்பது வருசம் கண்டக்டரா இருந்திய. ஒரு நாளாவது ஒங்க பஸ்சு சொன்ன நேரத்துக்கு வந்து சேந்துச்சா?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் உபவாசத்தில் இருக்கிற மனிதர் எப்படிப் பொய் சொல்வது? பக்கத்து ஊர் பஸ்ஸே அந்த லட்சணம் என்றால் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வருகிற வண்டி என்ன பாடுபடும் என்று ஸ்டெல்லாமேரி கேட்டாள். இறங்கிவிட்டேன் என்று பிள்ளை வாயால் சொல்லும்வரை ஜெபம்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

சபைப் பெண்கள் வந்து பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தெருக்கதவைச் சாத்தினார்கள். நடுவில் மணியடித்துத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லாருடைய போனையும் அணைத்து ஒரு குத்துச்சட்டியில் போட்டு மூடினார்கள். பிள்ளை வாயால் எப்படிச் சொல்லும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எபநேசருக்கு வயிறு முதுகோடு ஒட்டிக்கொண்டது. விமானத்துக்காகத் தொடங்கிய ஜெபம் சாயங்காலத்துக்குள் பாதி வயிற்றுக்காக என்று ஆகிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் கதவு லேசாகத் தட்டப்பட்டது. எபநேசர் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தார். எதிர்வீட்டு சுகுணா நின்றாள். உள்ளே கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஜெபம் முடிய இன்னும் எம்புட்டு நேரமாகும்? சென்னைல எறங்கி அடுத்த விமானத்தப் பிடிச்சு மத்தியானமே வந்து, ஜெபத்தக் கலைக்க வேண்டாம்னு எங்க வீட்லயே சாப்ட்டுத் தூங்கி எந்திரிச்சிட்டு பிரிஸ்கில்லா கேக்கா."