பதினாலாம் நம்பர் பீஸ்

உலகத்துக்குத் திருப்பூர் கொடுத்த கொடை பனியன்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பாவம், விவரம் தெரியாதவர்கள். பனியனை யார் வேண்டுமானாலும் தைத்துவிடலாம். நான்கு வயதுக் குழந்தையைச் சோதித்து, குறை கண்டுபிடித்து, கையெழுத்துப் போட்டு ரிஜெக்ட் செய்யும் முறையை மனித குலத்துக்கு வழங்கியது எங்கள் ஊர். இன்னும் துல்லியமாகச் சொன்னால், வழங்கியது நான். தன்னடக்கம் தடுத்ததால் இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை.

என் பெயர் பிரபாகர். முதலிபாளையத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர். இருபது வருடமாக அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் என்று என் மனைவி சொல்வாள். அதைப் புகாராகச் சொல்கிறாளா, பாராட்டாகச் சொல்கிறாளா என்பதை மட்டும் என்னால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் மகள் தமிழ்மதி எல்.கே.ஜி. படிக்கும் மழலையர் பள்ளி பெருமாநல்லூர் போகும் சாலையில் இருக்கிறது. தாளாளர் ஆறுமுகசாமி முன்பு அதே கட்டடத்தில் நிட்டிங் மெஷின் ஓட்டியவர். மெஷின்களை விற்றுவிட்டு, சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரையச் சொல்லி, 'கல்வித் தந்தை' ஆனார். வகுப்பில் ஃபேனைப் போட்டால் இன்றைக்கும் மேலேயிருந்து கொஞ்சம் பஞ்சு பறந்து வரும். பிள்ளைகள் எழுந்தோடி அதைப் பிடிப்பார்கள். பாடத்திட்டத்தில் இல்லாத ஒரே சந்தோஷம் அதுதான்.

வெள்ளிக்கிழமை தோறும் பள்ளியிலிருந்து 'வாராந்திரக் கற்றல் அறிக்கை' வாட்ஸப்பில் வரும். ஒரு முறை, 'இந்த வாரம் உங்கள் குழந்தை மஞ்சள் நிறத்தை மகிழ்வுடன் கற்றது' என்று வந்தது. பெற்றோர் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, மகிழ்வுடன் என்றால் எத்தனை சதவீதம், அதை அளந்தது யார், கூடக்குறைய எவ்வளவு இருக்கலாம் என்று கேட்டேன். ஆறுமுகசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, இத்தன வருசத்துல இந்தக் கேள்விய ஒருத்தரும் கேக்கலீங்களே" என்றார். அங்கேயே என்னைக் 'கற்றல் தரக்கட்டுப்பாட்டுக் குழு'வின் தலைவராக நியமித்தார். குழுவில் வேறு உறுப்பினர் இல்லை. ஆகவே எல்லாத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேறின.

மஞ்சளிலிருந்தே தொடங்கினேன். இருபத்திரண்டு பிள்ளைகள் வரைந்த இருபத்திரண்டு சூரியன்களை வரிசையாக வைத்து, கம்பெனியிலிருந்து கொண்டுபோன ஷேடு கார்டோடு ஒப்பிட்டேன். ஒரே லாட்டில் இருபத்திரண்டு ஷேடு. ஒரு சூரியன் பச்சையாகவே இருந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் பையர் பார்த்திருந்தால் மொத்த ஆர்டரையும் திருப்பி அனுப்பியிருப்பான். அடுத்து அழுகை. காலையில் அம்மாவை விட்டுப் பிரியும் அழுகை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் முன்பின் இருக்கலாம் என்று எழுதி வகுப்பு வாசலில் ஒட்டினேன். ஒன்பது பதினாறுக்கும் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையிடம் அதைப் படித்தும் காட்டினேன். அது இன்னும் சத்தமாக அழுதது.

பனியனில் ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் தொழில் வழக்கம். அதையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். முதல் நாளே சளி ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மூக்கை நோக்கி, கன்னத்தில் ஓர் அம்பு ஒட்ட நேர்ந்தது. பள்ளி ஆயா பழனாத்தாள் வந்து பார்த்தார்.

"அம்பு ஒட்டுனா சளி போகுங்களா சாமி? தொடச்சாத்தானுங்க போகும்" என்று முந்தானையால் துடைத்துவிட்டுப் போனார். கல்வியறிவு இல்லாதவர்கள் இப்படித்தான் எதையும் மேலோட்டமாகத் தீர்த்துவிடுகிறார்கள்.

வகுப்பு ஆசிரியை கோமளா மிஸ் பன்னிரண்டு வருட அனுபவசாலி. நான் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்பார். அந்த 'சரிங்க'வில் ஐந்தாறு வகை உண்டு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது எல்லாவற்றையும் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

என் சாதனைகளின் சிகரம் 'ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்'. மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இறுதிச் சோதனை. அதில் 'மேஜர்' குறை உள்ள பீஸ், அதாவது பிள்ளை, யூ.கே.ஜி.க்கு ஷிப்மென்ட் ஆகாது. ஜூனில் மறுபடி எல்.கே.ஜி.யிலேயே உட்கார வேண்டும். அதுவரை வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் போட்டிருக்கும் தனி பெஞ்சில் இடம். சரிசெய்யத் திருப்பி அனுப்பும் துணியை ஆல்டர் பீஸ் என்போம். ஆகவே அது 'ஆல்டர் பெஞ்ச்'. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக் கூடாது என்பதற்காக, விடைத்தாளில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும் இருக்கும். எந்த நம்பர் யார் என்பது கோமளா மிஸ் கையில் ஒட்டிய கவரில் இருக்கும். அந்த விதியை எழுதிய அன்று என் நேர்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

சோதனை எளிமையானது. எல், எம், எஸ் என்று மூன்று எழுத்து அட்டைகளைக் கலைத்துக் கொடுப்பார்கள். ஆங்கில வரிசைப்படி அடுக்கித் தாளில் ஒட்ட வேண்டும். இருபத்திரண்டு தாள்களும் என் கம்பெனி மேசைக்கு வந்தன. இருபது பேர் எல், எம், எஸ் என்று ஒட்டியிருந்தார்கள். ஏழாம் நம்பரும் பதினாலாம் நம்பரும் மட்டும் எஸ், எம், எல் என்று தலைகீழாக ஒட்டியிருந்தன.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எதிரே அட்டைப்பெட்டிகள் எஸ், எம், எல் என்று எழுதி உத்தரம் வரை அடுக்கியிருக்க, அதைப் பார்த்தபடியே, 'அடிப்படை அறிவில் மேஜர் குறை. பெற்றோரின் கவனமின்மை அப்பட்டமாகத் தெரிகிறது. ரிஜெக்ட்' என்று இரண்டு தாளிலும் சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை மதியம் பள்ளி விட்ட பிறகு கூட்டம். தாளாளர், கோமளா மிஸ், நான். கோமளா மிஸ் கவரைப் பிரித்தார். ஏழு, மஹ்னூர். அவளுடைய அம்மா குல்சார் பேகத்தை வரச் சொல்லியாயிற்று என்றார். பிறகு என்னைப் பார்த்து, பதினாலு தமிழ்மதி என்றார்.

அப்பட்டமாகக் கவனமில்லாத அந்தப் பெற்றோர் சட்டென்று தண்ணீர் கேட்டார்.

குடித்துக்கொண்டிருக்கும்போதே குல்சார் பேகம் உள்ளே வந்தார். மெலிந்த, குள்ளமான பெண். எங்கள் கம்பெனி பேக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர் என்பது அவர் எனக்கு வணக்கம் சொன்னபோதுதான் ஞாபகம் வந்தது. மஹ்னூரும் தமிழ்மதியும் மூலையில் பாயில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒட்டிக்கொண்டே திரியும் ஜோடி.

"சார், நான் மடிச்ச பனியனுக்கு சைஸ் ஸ்டிக்கர் ஒட்டறவங்க. ஊட்லயும் அதே பேச்சுத்தான். எஸ்ஸு, எம்மு, எல்லுன்னு பாப்பா அதத்தான் கேட்டு வளந்துச்சு. அதுக்கு அதுதாங்க வரிச. இன்னொரு பாப்பாவும் அப்படியே ஒட்டியிருக்குதாமே. அது யாரு பெத்ததுன்னு தெரியலீங்க. ரெண்டையும் சேத்திப் பாஸ் பண்ணீருங்க சார், ரெண்டும் கொழந்தைங்க."

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. எஸ், எம், எல் என்பது பிழையே அல்ல. உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட வரிசை. நான் எழுந்து, பதினாலாம் நம்பரின் விடையில் தொழில்துறை சார்ந்த இளம் அறிவு பளிச்சிடுகிறது என்றேன். எங்கள் தொழிலில் 'கமர்ஷியலி அக்செப்டபிள்', சுருக்கமாக 'சி.ஏ.' என்று ஒரு முத்திரை உண்டு. குறை இருக்கிறது, ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அதற்குப் பொருள். பதினாலாம் நம்பருக்கு சி.ஏ. வழங்குமாறு குழுவின் சார்பில் தாளாளரைக் கேட்டுக்கொண்டேன். குழு ஒருமனதாக ஆதரித்தது.

கோமளா மிஸ் மெல்லிய குரலில், தமிழ்மதி பக்கத்திலிருந்த மஹ்னூரின் தாளைப் பார்த்துத்தான் ஒட்டினாள் என்றார்.

"அதுதானுங்க மிஸ் தெறம" என்றேன். "சாம்பிளப் பாத்து அப்படியே தெக்கறதுதான நம்ம ஊர்த் தொழிலே."

ஆறுமுகசாமி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஏழாம் நம்பரை என்ன செய்வது என்று கேட்டார். இரண்டு சி.ஏ. கொடுத்தால் சிஸ்டம் என்ன ஆவது? பதினாலைக் காப்பாற்றத்தான் எல்லாம் செய்தேன் என்று ஊர் பேசாதா? தரத்தில் சமரசம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். என் குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. குல்சார் பேகத்தின் முகத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. பதினாலு யார் என்று கோமளா மிஸ் அவரிடம் சொன்னார்.

"சந்தோசங்க சார். பெரிய பாப்பா ஆயிருச்சு" என்று தமிழ்மதியின் தலையைத் தடவிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போனார். நாளை அவர் என் கம்பெனிக்கு வேலைக்கு வர வேண்டும். அதற்குமேல் அவர் என்ன பேச முடியும்?

மறுநாள் முதல் மஹ்னூர் ஆல்டர் பெஞ்சில் உட்கார்ந்தாள். வாட்டர் ஃபில்டர் சொட்டுவதை எண்ணிக்கொண்டிருப்பாளாம். தமிழ்மதி ஒரு நாளில் பதினோரு முறை தண்ணீர் குடிக்கப் போனாள் என்று கோமளா மிஸ் சொன்னார். உடல்நலப் பழக்கத்தில் முன்னேற்றம் என்று அந்த வார அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன்.

அடுத்த வாரப் பாடம் 'பெரியது, சிறியது'. முதலில் யானை, எறும்பு. பிறகு எண்கள். ஐந்து பெரிது, மூன்று சிறிது. சனிக்கிழமை பெற்றோர் முன்னிலையில் செயல்முறை விளக்கம் என்றார்கள். குழுத் தலைவர் என்ற முறையில் கம்பெனியில் மிச்சமான சைஸ் ஸ்டிக்கர் ரோல்களை நன்கொடையாகக் கொடுத்தேன். அதற்காக எனக்கு மேடையில் பொன்னாடை என்று ஒரு துண்டு போர்த்தினார்கள். பனியன் துணிதான், தையல் கொஞ்சம் கோணல்.

செயல்முறை இதுதான். ஒவ்வொரு குழந்தையும் இரண்டு பெரியவர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களில் உருவத்தில் பெரியவருக்கு எக்ஸெல்லும் சிறியவருக்கு எஸ்ஸும் ஒட்ட வேண்டும். பிள்ளைகள் சரியாகவே செய்தார்கள். உயரமான அப்பாவுக்கு எக்ஸெல், குள்ளமான அம்மாவுக்கு எஸ். ஆறுமுகசாமியின் தொப்பையில் மட்டும் நான்கு எக்ஸெல் விழுந்தன.

தமிழ்மதி முறை வந்தது. நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள். எஸ் சைஸ் துணியே தொளதொளக்கும் குல்சார் பேகத்தின் தோளில் எக்ஸெல் ஒட்டினாள். கூட்டம் சிரித்தது. பிறகு மேடைக்கு வந்தாள். குனியச் சொன்னாள். டபுள் எக்ஸெல் சட்டை போட்ட என் இடது மார்பில், பொன்னாடையை விலக்கி, எஸ் ஒட்டி, விரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.

கூட்டம் இன்னும் சிரித்தது. ஒரு குவாலிட்டி மேனேஜர் மகள் அளவில் தவறலாமா? மைக் முன்னாலேயே திருத்தப் பார்த்தேன்.

"கண்ணு, மாத்தி ஒட்டிட்டியே. அப்பாதான பெருசு?"

"இல்லீங்கப்பா" என்றாள். "மஹ்னூரு அம்மா ரெண்டு பேருக்குப் பாஸ் கேட்டாங்க. நீங்க ஒருத்தருக்குத்தானுங்க கேட்டீங்க. ரெண்டு பெருசு, ஒண்ணு சின்னது. மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

எங்கள் பக்கத்தில் மானம் போவதென்றாலும் மரியாதை குறையாமல்தான் போகும். சிரிப்பு நின்றுவிட்டது. ஃபேனிலிருந்து ஒரு துணுக்குப் பஞ்சு இறங்கிவந்தது. எந்தப் பிள்ளையும் எழுந்து பிடிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இருபது வருடத்தில் எத்தனையோ முறை அடுத்தவர் முகத்தில் பார்த்த வெட்கம்தான். என் முகத்துக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

கோமளா மிஸ் ஏழாம் நம்பர் தாளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார் போலிருக்கிறது. தாளும் பேனாவும் என் கைக்கு வந்தன. சி.ஏ. என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருந்திப் போட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் போட்டேன். ஆல்டர் பெஞ்சை எடுத்துவிடலாமா என்றேன்.

"சரிங்க சார்" என்றார் மிஸ். அந்த வகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பழனாத்தாள் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போக, மஹ்னூர் ஓடிவந்து தமிழ்மதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மகளிடம் குனிந்து, அப்பாவும் இப்போது இரண்டு பேருக்கும் போட்டுவிட்டேன், ஸ்டிக்கரை மாற்றலாமா என்று ரகசியமாகக் கேட்டேன்.

"நான் ஒட்டுனதுக்கு அப்பறந்தானுங்கப்பா போட்டீங்க" என்றாள்.

அடுத்து வந்த கற்றல் அறிக்கையைக் குழுத் தலைவர் என்ற முறையில் நானே எழுதினேன். பதினாலாம் நம்பர்: பெரியது, சிறியது தெரிகிறது, குறை ஏதுமில்லை. இன்னொரு பீஸைப் பற்றியும் பதிவு செய்ய வேண்டியிருந்தது. வயது நாற்பத்து மூன்று. குறை உள்ள இடம்: இடது மார்பு. வகை: மேஜர். கண்டுபிடித்தவர்: தமிழ்மதி, எல்.கே.ஜி. எங்கள் கம்பெனிச் சோதனைப் படிவத்தின் கடைசியில், 'ஆல்டர் செய்தால் சரியாகுமா?' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றவர்களுக்கு அதை அரை நொடியில் நிரப்பிவிடுவேன்.